அலைகள் காட்டும் இதயம்

திருப்பூரின் பனியன் நிறுவனங்களில் நாள்தோறும் துணிக்கட்டுகளைச் சுமக்கும் தொழிலாளரின் தோள்தசை திரண்டு உறுதி பெறுகிறது. அது உடலுக்கு வலிமை. உயர் இரத்த அழுத்தத்தை எதிர்த்து ஓயாது குருதியை உந்தும் இதயத்தின் இடது கீழறைச் சுவரும் அவ்வாறே தடிக்கிறது. ஆனால், இது வலிமையன்று, நோயின் அறிகுறி. தடித்த சுவர் நாளடைவில் விறைத்து, இதயச் செயலிழப்புக்கு வழிவகுக்கும். பல்லாண்டுகள் எவ்வித வலியும் தோன்றாதிருப்பதே இதன் கொடுமை.

மறைந்திருக்கும் இம்மாற்றத்தை அறிய உதவும் எளிய முறை, இ.சி.ஜி. எனப்படும் இதய மின்னலை வரைவாகும். இதயத்தின் நுண்ணிய மின்னோட்டத்தைத் துல்லியமாகப் பதிவுசெய்த டச்சு அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1924ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். தசை தடித்தால் மின்னலையும் பெரும்பாலும் உயரும். இவ்வுண்மையைக் கொண்டு சோக்கலோவ், லயன் ஆகிய இருவரும் 1949இல் ஓர் அளவுகோலை வகுத்தனர். மார்பின் வலப்புறப் பதிவான வி1இல் கீழிறங்கும் எஸ் அலையின் ஆழத்தையும், இடப்புறப் பதிவான வி5 அல்லது வி6இல் மேலெழும் ஆர் அலையின் உயரத்தையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 35 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பின் தசைத்தடிப்பு இருக்கலாம் எனக் கருதப்படும்.

எனினும், இம்முறைக்கு எல்லையுண்டு. உடற்பருமன் உள்ளவரிடம் அலை சிறுத்துத் தோன்றும். மெலிந்த இளைஞரிடம் நோயின்றியே உயர்ந்து தோன்றும். துணியைச் சோதிக்கும் செக்கிங் பிரிவில் ஒருமுறை கண்ணுக்குத் தப்பிய ஓட்டை மறுமுறை பிடிபடுவதுண்டு. அதுபோல, தடிப்புள்ளோர் பலரை இ.சி.ஜி. தவறவிடுகிறது. எனவே, வரைவு சீராக இருப்பது மட்டுமே இதயம் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. எக்கோ எனப்படும் மீயொலி ஆய்வு, சுவரின் தடிப்பை நேரடியாக அளந்து காட்டும். ஆயினும் அதனை மக்கள் அனைவர்க்கும் செய்வது அரிது.

ஆகவே, முதற்படி இரத்த அழுத்தத்தை அளப்பதே ஆகும். நாள் முழுதும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவர், வலியில்லாத நோய்க்காக ஒருநாள் கூலியை இழக்கத் தயங்குவது இயல்பு. மருத்துவமே மக்களை நாடிச் செல்லும்போது அத்தயக்கம் அகலும். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் இல்லந்தேடிச் சென்று கண்டறிந்து மருந்து வழங்குகிறது. அழுத்தம் தொடர்ந்து கட்டுக்குள் இருந்தால், தடித்த தசை ஓரளவு மெலிந்து பழைய நிலையை நோக்கித் திரும்பவும் கூடும். காலத்தே அளந்தறிவது இதயத்தின் சுமையைக் குறைக்கும்.