யாரைப் பின்தொடர்வது?

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கைப்பேசியில் விரலாலேயே வரைந்திருக்கிறாய்; ஆனாலும் கோட்டில் தயக்கம் இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய்: “இணையத்துல யாரைப் பார்க்கணும் அண்ணே? ஒரு பட்டியல் கொடுங்க.” கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே, லெம்பா பெர்த்தாமில் இருந்துகொண்டு நினைத்தபோதெல்லாம் கண்காட்சிக்குப் போக முடியாது. கோலாலம்பூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இப்போதைக்கு இணையம்தான் உனக்குக் கலைக்கூடம். எனவே சில பெயர்களைத் தருகிறேன். ஆனால் வெறும் பட்டியலாகத் தந்தால் பத்து நாளில் தீர்ந்துவிடும். ஒரு கலைஞரை எப்படித் தேடிப் பிடிப்பது, பிடித்தபின் அவரிடம் என்ன கற்றுக்கொள்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கைப்பேசி தானாகக் கொண்டுவந்து கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது தேடல் ஆகாது. நேற்று எந்தப் படத்தில் உன் விரல் நின்றதோ, இன்றும் அதே சாயலில் இன்னொன்றைத்தான் அது நீட்டும். பெரிய பெரிய கண்கள், பளபளக்கும் கன்னம், ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த வானம். உன் படங்களில் பாதிக்கு மேல் அந்த வானம்தான் இருக்கிறது. உங்கள் பள்ளத்தாக்கின் வானம் வேறு. மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் மலை, தேயிலை, காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரை எல்லாமே ஒரே சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அடர்த்தியாக மாறிவிடும். அது உன் படங்களில் வரவில்லை. அதற்குக் காரணம் உன் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. யாரோ எங்கோ தன் ஊரைப் பார்த்து வரைந்த வானத்தை, அவர் யார் என்றே தெரியாமல் நீ வாங்கி வைத்துக்கொண்டாய்.

ஆகவே, ஒரு படம் உன்னை நிறுத்தினால் அடுத்ததற்குத் தாவாதே. இதை வரைந்தது யார் என்று முதலில் கேள்.

ஓட்டு வீட்டுக்குள் வெயில் விழும் இடத்தில் ஒரு கிராமத்துப் பெண் இருக்கும் படத்தை வாட்ஸ்ஆப்பிலோ முகநூலிலோ நீ பார்த்திருப்பாய். புகைப்படமா, ஓவியமா என்று வாதாடியபடியே எல்லோரும் அதைப் பகிர்வார்கள். பெரும்பாலும் பெயர் இருக்காது. வரைந்தவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1979இல் பிறந்தவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்தவர். 2021 ஜூனில், கொரோனாவின் இரண்டாம் அலையில், 42 வயதில் போய்விட்டார். ஆண்டுக்கணக்கில் தாங்கள் பகிர்ந்த படங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதே பலருக்கு அந்தச் செய்தி வந்த அன்றுதான் தெரிந்தது. நம் வீட்டுக் கறுத்த பெண்களின் அழகை இவ்வளவு பொறுமையாக வரைந்தவரின் பெயரை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

பெயரைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. படத்தைச் சேமித்து கூகுள் லென்ஸில் போடு. மூலையில் கையெழுத்து இருக்கிறதா பார். கையெழுத்தை வெட்டிவிட்டுப் பகிர்கிறவர்கள் உண்டு. வெட்டாத பிரதி கிடைக்கும்வரை தேடு. பெயர் கிடைத்தபின் அவருடைய மற்ற படங்களையும் சேர்த்துப் பார்.

பிறகு ஒரே படத்தில் ஒரு வாரம் தங்கு. இளையராஜாவின் படம் ஒன்றையே எடுத்துக்கொள். பெரிதாக்கி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று பார். நிழலில் இருக்கும் கன்னத்தை நெருங்கிப் பார்த்தால் அங்கே வெறும் கறுப்பு இருக்காது. பழுப்பும் சிவப்பும், சில இடங்களில் நீலமும் தட்டுப்படும். அடுத்த நாள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்று. மிக வெளிச்சமான இடம், மிக இருண்ட இடம், நடுத்தரம் என்று மூன்றே அடர்த்தியில், கட்டைவிரல் நீளத்துக்குச் சின்னதாக வரைந்து பார். கண்ணும் மூக்கும் இல்லாமலேயே அந்தப் பெண் அங்கே இருப்பாள். அவர் படத்தைத் தாங்கி நிற்பது எது என்பது அப்போது உனக்குப் புரியும். கற்றுக்கொள்வதற்காக இப்படிப் பார்த்து வரைவதில் தவறே இல்லை. அதை வெளியிட்டால் மட்டும் ‘இளையராஜாவைப் பார்த்து வரைந்தது’ என்று கீழே எழுதிவிடு.

ஒரு பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கும். எங்கே படித்தார், யாரிடம் படித்தார், யாரோடு சேர்ந்து காட்சிக்கு வைத்தார் என்று பிடித்துக்கொண்டே போ. யாழ்ப்பாணத்தில் தா. சனாதனன் என்ற ஓவியர் இருக்கிறார். போரில் இடம்பெயர்ந்த மக்கள், விட்டுவந்த தங்கள் வீடுகளின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அவற்றோடு தன் ஓவியங்களையும் சேர்த்து 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலாக்கினார். அடுப்படி எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று ஒரு கோடு போதும், ஒரு குடும்பமே கண்முன் வந்துவிடும். அவர் கற்பிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வழியே போனால் ஹனுஷா சோமசுந்தரம் கிடைப்பார். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்து அங்கே கலை படித்தவர். நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்ததுபோல, அவருடைய முன்னோர் இலங்கை மலைகளுக்குப் போனார்கள். ஹனுஷாவின் படைப்புகளில் தேயிலைக் கறையும் தேநீர்ப் பைகளும் வண்ணத்தின் இடத்தில் நிற்கின்றன. கொழுந்து பறிக்கிற பெண்களின் வாழ்க்கையை அவர்கள் கை தொட்ட பொருளாலேயே சொல்கிறார்.

அவரோடு சேர்த்து இன்னொருவரையும் பார். சபாவில் பிறந்த ரெட் ஹொங் யி. கட்டடக்கலை படித்தவர், தூரிகையைத் தவிர மற்ற எதை வைத்தும் படம் செய்வார். டாவோஸில் 2015இல் நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்துக்காக, தே தாரிக் ஆற்றும் ஒரு மனிதரை 20,000 தேநீர்ப் பைகளால் உருவாக்கினார். வெந்நீரில் ஊறவைத்தே பைகளுக்கு வெளிர் பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை நிறம் ஏற்றி, அவற்றை அடுக்கி அந்த உருவத்தைக் கொண்டுவந்தார்.

இருவர் கையிலும் இருந்தது ஒரே தேயிலை. ரெட் அதைக் குடிப்பவர்களின் கடையில் நின்று பார்த்தார், ஹனுஷா பறிப்பவர்களின் லயத்தில் நின்று பார்த்தார். கலைஞர்களைத் தேடிப் போவது இதற்காகத்தான். அவர்களுடைய நிறத்தையும் கோட்டையும் யாரும் நகல் எடுத்துவிடலாம். தங்கள் வாசலில் கிடந்ததை அவர்கள் எந்த இடத்தில் நின்று பார்த்தார்கள் என்பதைத்தான் நீ எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டால் அடுத்த கேள்வி உன்னிடமே வரும்: நீ எங்கே நிற்கிறாய்?

இதைக் கையாலும் செய்து பார். வீட்டுத் தேயிலையைப் போட்டு, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி என்று வெவ்வேறு நேரம் ஊறவிட்டு, தடித்த தாளில் பட்டை பட்டையாகத் தீட்டிக் காயவை. காய்ந்ததன்மேல் மறுபடி தீட்டு. துருப்பிடித்த ஆணியைச் சில நாள் புளிக்காடியில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு சொட்டைத் தேயிலைச் சாயத்தில் விடு. பழுப்பு கண்ணெதிரே கருஞ்சாம்பலாக மாறும். தேயிலையின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்வதால் வரும் நிறம் அது. அந்தப் பட்டைகளைப் படமெடுத்து, ஐபிஸ் பெயிண்ட் செயலியிலோ கிருத்தா மென்பொருளிலோ உன் வண்ணத் தட்டாக வைத்துக்கொள். கிருத்தா இலவசம், வீட்டில் பழைய கணினி இருந்தால் அதில் முயன்று பார். அந்தத் தட்டிலிருந்து எடுக்கும் நிறத்தில் உங்கள் ஊரின் மூட்டம் தானாக வந்து சேரும்.

சிற்றூரில் இருக்கிறோமே என்று எழுதியிருந்தாய். எரிக்கா எங் ஜொகூரின் பத்து பகாட்டைச் சேர்ந்தவர். அந்த ஊரிலிருந்து கலை படிக்கப் போக விரும்பும் ஒரு பெண்ணின் கதையை ‘ஃபிரைட் ரைஸ்’ என்ற பெயரில் இணையத்தில் சித்திரக்கதையாக வரைந்தார். பெரிய சாகசம் எதுவும் அதில் இல்லை. தன் ஊரையும் தன் வயதையும் வரைந்தார். 2020இல் சிறந்த இணையச் சித்திரக்கதைக்கான ஐஸ்னர் விருது அதற்குக் கிடைத்தது. மலேசியர் ஒருவருக்கு அதுவே முதல் ஐஸ்னர்.

மதுரைக்காரரான எம். பழனிக்குமாரையும் தேடு. புகைப்படக் கலைஞர். மலக்குழியில் இறக்கப்படும் தொழிலாளர்களைப் பற்றி 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மீன் விற்ற தன் தாயையும் படமெடுத்து எழுதியிருக்கிறார். பி. சாய்நாத் தொடங்கிய பாரி என்ற ஊரக ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அவருடைய படங்கள் கிடைக்கும், தமிழிலேயே வாசிக்கலாம். அவர் படங்களில் யாரும் பரிதாபமாக நிற்பதில்லை. வேலை செய்கிறவரின் முகத்தை அவருடைய உயரத்திலிருந்தே பார்க்கிறார். கேமராவை எந்த உயரத்தில் பிடிப்பது என்பதில் எவ்வளவு மரியாதை அடங்கியிருக்கிறது என்று அவரிடம் கற்றுக்கொள். அது வரைவதற்கும் பொருந்தும்.

நம் நாட்டிலேயே மூத்தவர் ஒருவர் இருந்தார்: நிர்மலா சண்முகலிங்கம். டமன்சாரா பகுதியில் கிடந்த குப்பையையும் அந்த இடத்தின் புகைப்படங்களையும் சேர்த்து 1973இல் ‘ஸ்டேட்மென்ட் 1’ என்று காட்சிக்கு வைத்துப் பரிசும் பெற்றார். சுற்றுச்சூழல் என்ற பேச்சே அதிகம் எழாத காலம் அது.

இவர்களைப் பார்த்தபின் உன் வாசலுக்கு வா. பெர்த்தாம் ஆறு மழைக்குப்பின் என்ன நிறத்தில் ஓடுகிறது? 2013 அக்டோபர் 23 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், சுல்தான் அபூபக்கர் அணையிலிருந்து திறந்த நீர் உங்கள் பள்ளத்தாக்குக்குள் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் சேற்றில் கிடந்தன. அன்று அங்கே இருந்தவர்கள் இன்னும் உன் தெருவில்தான் இருக்கிறார்கள். சனாதனன் கேட்டதைப் போல, அவர்கள் வீடு அன்றைக்கு எப்படி இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து கொடுக்கச் சொல். தோட்டத்தில் நம் பாட்டிமார் விரலால் பறித்த கொழுந்தை இன்று இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரம் வெட்டிச் செல்கிறது. பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம்மவர்கள் வந்ததைப் போலவே அவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களை வரைய உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

இப்போது தேடினால் வந்து விழும் படங்களில் பலவற்றை எந்த மனிதரும் வரையவில்லை. செயற்கை நுண்ணறிவு செய்தவை. மல்லிகைச் சரத்தில் நார் இருக்காது, பூக்கள் தலைமுடியோடு கலந்துவிடும். கோலத்தில் புள்ளிக்கும் கோட்டுக்கும் தொடர்பு இருக்காது. கடைப்பலகையில் தமிழ் எழுத்து மாதிரி ஏதோ இருக்கும், வாசிக்க முடியாது. இந்தப் பிழைகளும் வரவரக் குறையும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் ஆளைத் தேடு. அவருடைய பக்கத்தின் அடிவரை போய், முதன்முதலில் போட்ட படங்களைப் பார். மனிதர் என்றால் கோணல் கையும் தப்பான நிழலும் அங்கே கட்டாயம் இருக்கும். பீப்பிள் என்ற அமெரிக்கரின் எண்மப் படைப்பு 2021இல் 6.9 கோடி டாலருக்கு ஏலம் போனதைக் கேள்விப்பட்டிருப்பாய். விலையை விடு. 2007 மே 1 முதல் ஒரு நாளும் விடாமல் அவர் வரைந்த 5,000 படங்களின் தொகுப்பு அது. தொடக்க காலப் படங்கள் மிகச் சாதாரணம். உனக்குத் தைரியம் தருவது அவைதான்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது தானா ராத்தாவில் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறு. 1958இல் தொடங்கிய தேசிய கலைக்கூடத்துக்கும், 2015இல் திறந்த இல்ஹாம் கலைக்கூடத்துக்கும் போ. திரையில் எல்லாப் படமும் உன் உள்ளங்கை அளவுதான். அங்கே உன்னைவிட உயரமான படத்தின் முன்னால் நிற்பாய். வண்ணத்தின் தடிப்பும் தூரிகை போன வேகமும் தெரியும்.

கடைசியாக ஒன்று. இனி நீ வெளியிடும் ஒவ்வொரு படத்திலும் யாரும் வெட்ட முடியாத இடத்தில் கையெழுத்துப் போடு. கீழே தமிழிலும் மலாயிலும் உன் பெயர், லெம்பா பெர்த்தாம், தேயிலைத் தோட்டம், எதைக் கொண்டு வரைந்தாய் என்று எழுது. யாரிடம் கற்றாயோ அவர் பெயரையும் சேர்த்துவிடு. ஹட்டனிலோ வால்பாறையிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளை, தன்னைப் போன்றவர்கள் யாராவது வரைகிறார்களா என்று இந்தச் சொற்களைப் போட்டுத் தேடும். அந்தப் பிள்ளைக்கு உன் படம் கிடைக்க வேண்டும். அடுத்த கடிதத்தோடு சாம்பல் வானம் ஒன்றை வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்