வெசாக் ஓர்கிட்டைக் காத்தல்

கமக்காரரே,

இலங்கைக்கே உரிய வெசாக் ஓர்கிட், ஈரவலயக் காட்டுமரங்களைப் பற்றித் தொங்கி, மே மாதமளவில் பூக்கும். அது புல்லுருவியன்று, மரத்தின் சாற்றை உறிஞ்சாது. ஆதலின் அதனை வெட்டியகற்றல் வேண்டா.

நெல்மணியினுள் முளைக்கு வேண்டிய உணவு உண்டு. ஓர்கிட் வித்தோ தூள் போன்றது, உணவுச் சேமிப்பற்றது. ஒருவகைப் பங்கசு உணவூட்டினாலன்றிக் காட்டில் அது முளையாது. எனவே, பிடுங்கிய செடிக்கு ஈடாக இன்னொன்று எளிதில் தோன்றாது. பூவுக்காகப் பிடுங்குவதாலும் காடழிப்பாலும் இவ்வினம் அருகிவிட்டது.

செய்யவேண்டியவை:

1. காட்டிலுள்ள செடியைப் பிடுங்காதீர், விலைக்கும் வாங்காதீர். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதனைக் காக்கின்றது.

2. செடி பற்றியுள்ள மரத்தைத் தறியாதீர். அதன் நிழலும் ஈரமுமே செடிக்கு உயிர்.

3. வீட்டுக்கு ஓர்கிட் வேண்டின், தோட்டங்களிற் பெருக்கிய செடிகளையே வாங்குக.