பூச்சிகொல்லி மருந்துகளும் பிராணிகளின் அட்ரினல் சுரப்பியும்

நாஞ்சில் நாட்டு ஏலாக்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களிலும் பூச்சிகொல்லி மருந்து தெளித்தல் வழக்கமாகிவிட்டது. தெளித்தவருக்கு அன்றைய தினம் வாந்தியோ மயக்கமோ உண்டாகாவிடில், மருந்தினால் யாதொரு கெடுதியும் இல்லையென்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணம் சரியன்று என்பதைப் பரிசோதனைச்சாலைப் பிராணிகளைக் கொண்டு அறியலாகும்.

சுரப்பியின் தொழில்.— சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் அட்ரினல் என்னும் சிறு சுரப்பி அமைந்துள்ளது. பசி, குளிர், காயம், பயம் முதலிய நெருக்கடி நேருங்கால் மூளையின் அடிப்பாகம் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, அது அட்ரினலை ஏவுகின்றது. உடனே அட்ரினலின் புறப்பகுதி ஒரு ஹார்மோனை இரத்தத்தில் சுரக்கின்றது. எலியில் இது கார்ட்டிகோஸ்டீரோன். மனிதரிலும் மாட்டிலும் பெரும்பாலும் கார்ட்டிசால். வயலில் நீர் நிரம்பியதும் மடையை அடைப்பதுபோல, போதிய அளவு சுரந்தபின் அந்த ஹார்மோனே மூளைக்கு எட்டிச் சுரப்பை அடக்குகின்றது. துன்பத்துக்குள்ளான எலிகளில் இச்சுரப்பி பருத்தலை ஹான்ஸ் செல்யே என்பவர் 1936-ல் வெளியிட்டார்.

மருந்தின் விளைவு.— 1949-ல் அமெரிக்காவில் நெல்சன், உடார்ட் என்னும் இருவர், டி.டி.டி. இனத்தைச் சேர்ந்த ஒரு பூச்சிகொல்லியை நாய்களுக்கு உணவுடன் கொடுத்தனர். அட்ரினலின் புறப்பகுதி சிதைந்து சுருங்கிற்று. எலியில் இச்சிதைவு அவ்வளவாகக் காணப்படவில்லை. ஆகவே, ஒரு பிராணியில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே கொள்ளலாகாது. எனினும் அம்மருந்தின் ஒரு கூறு மைட்டோடேன் என்னும் பெயரால் மனிதரின் அட்ரினல் புற்றுநோய்க்கு மருந்தாக வழங்குவதால், மனிதரின் சுரப்பியையும் அது தாக்கவல்லது என்பது தெளிவு. டி.டி.டி.யைப் பயிர்த்தொழிலில் உபயோகித்தல் இந்தியாவில் 1989-ல் தடை செய்யப்பட்டது.

குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் செல்லும் வழி வேறு. நரம்புகள் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதியை இவை தடுக்கின்றன. அப்பொருள் தேங்குவதால் மூளையின் ஏவல் மிகுந்து, இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் உயர்தல் எலிகளில் காணப்பட்டுள்ளது. இவ்வுயர்வு நெடுநாள் நீடிப்பின் நோயை எதிர்க்கும் சக்தி குன்றும். பரிசோதனையில் கொடுக்கும் அளவு வயலில் உடலிற் படும் அளவினும் பெரும்பாலும் அதிகமே. ஆயினும் எச்சரிக்கைக்கு இது போதும்.

செய்யவேண்டியவை.—

1. தூர்கட்டும் பருவத்தில் தண்டுத் துளைப்பானால் குருத்துக் காய்தல் 100-க்கு 10 என்னும் அளவை எட்டுமுன் மருந்து தெளிக்க வேண்டுவதில்லை.

2. மருந்துப் புட்டியின் முக்கோண அடையாளத்தைக் காண்க. சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை முறையே கொடுமை குறைந்தவை.

3. காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கலாகாது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் தனியே துவைத்தல் வேண்டும்.

4. புட்டியிற் குறித்த காத்திருப்பு நாட்கள் கழியுமுன், அவ்வயலின் வைக்கோலையும் வரப்புப் புல்லையும் மாடுகளுக்கு இடலாகாது. வயல்நீரைக் குளத்திற்கு வடியவிடவும் ஆகாது.

5. கூலிக்குத் தெளிப்பவர் ஒரே போகத்தில் பலருடைய வயல்களிலும் நின்று, பலநாள் மருந்தை உடலில் ஏற்கின்றார். நிலத்துக்காரர் காண்பது தம் வயலில் அவர் நிற்கும் ஒரு நாளை மட்டுமே. ஆதலால் கையுறையும் முகக்கவசமும் அவருக்கு வாங்கிக் கொடுத்தல் நிலத்துக்காரரின் கடமையாகும்.