சேர்ந்தவர் தொடர வேண்டுமெனில்…

1965இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சென்னையிலிருந்து இயங்குகிறது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தனித்தனி இதழ்கள், ஆண்டு மாநாடு, தேசியக் கணிதத் திறன் போட்டி ஆகியவை அதன் பணிகள். சந்தா கட்டிய ஆசிரியர் இதழில் எழுதலாம். தம் மாணவரைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தலாம். உறுப்பினருக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. நம் ஒன்றிய அளவிலான பாட ஆசிரியர் மன்றங்களுக்கும் இதுவே அடிப்படை.

சேர்க்க

சுற்றறிக்கையைவிடப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரின் நேரடி அழைப்புக்கு வலிமை அதிகம். “உறுப்பினராகுங்கள்” என்பதோடு நிறுத்தாமல், “பின்னத்துக்கு நீங்கள் செய்யும் காகித மடிப்பை அடுத்த கூட்டத்தில் செய்துகாட்டுங்கள்” என்று கேளுங்கள்.

தக்கவைக்க

விலகுபவர் பெரும்பாலும் சொல்லிவிட்டு விலகுவதில்லை, வருவதை நிறுத்திவிடுகிறார். தொடர்ந்து இரு கூட்டங்களுக்கு வராதவரை ஒருவர் தொலைபேசியில் நலம் விசாரிக்கட்டும். ஈராசிரியர் பள்ளியிலிருந்து வருபவருக்கும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கும் கூட்ட நேரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். தம் பாடத்துக்குப் பள்ளியில் ஒரே ஆசிரியராக இருப்பவருக்கு, சந்தேகம் கேட்க மன்றம்தான் துணை. அவரை இழக்கக் கூடாது. பொறுப்புகளையும் ஆண்டுதோறும் மாற்றுங்கள்.

செய்து பார்ப்போம்

உங்கள் மன்றத்தின் சென்ற ஆண்டுப் பெயர்ப்பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர் செய்த ஒரு பணியை எழுதுங்கள். எதிரில் எழுத எதுவும் இல்லாத பெயர்களுக்கு உரியவர்களை, இந்த ஆண்டு முதலில் அழையுங்கள்.