ஆள் எடுக்கும் முன் ஷாஃப்டைக் கையில் கொடுங்கள்

கோவை ஈச்சனாரியிலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு வரை வந்து பாருங்கள். மலுமிச்சம்பட்டி சிட்கோ தொடங்கிப் பல பட்டறை கேட்டுகளில் ‘ஆட்கள் தேவை’ பலகை தொங்கும். அதே ரோட்டில் ஐடிஐ முடித்த பையன்கள் வேலை தேடி உக்கடம் பஸ் ஏறுவார்கள். “ஆளே கெடைக்கறதில்லீங்க” என்று முதலாளிகள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எந்த ஊர், எத்தனை வருஷ அனுபவம், எப்ப வர்றீங்க என்று மூன்று கேள்வியில் ஆள் எடுக்கிறோம். ரிஜெக்ஷன் பெட்டி நிறைந்த பிறகு ஆளைத் திட்டுகிறோம். சிறு பட்டறைகளுக்காக இதை எழுதுகிறேன். உதாரணம், சிஎன்சி லேத் ஆபரேட்டர்.

முதலில் பலகை. சம்பளம், ஷிஃப்ட் நேரம், ஓ.டி. உண்டா என்று எண்ணோடு எழுதுங்கள். ‘தகுந்த சம்பளம்’ என்று எழுதினால் நல்ல ஆபரேட்டர் வண்டியைக்கூட நிறுத்த மாட்டார்.

அடுத்து, ‘டிப்ளமோ கட்டாயம்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். படிப்பு வேண்டாம் என்பதல்ல. அது வாசலை அடைக்கக் கூடாது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி.டி.நாயுடுவின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊரில் இதை நான் விளக்கவேண்டியதில்லை. ஸோஹோ நிறுவனம் 2004-ல் கல்லூரிப் பட்டம் கேட்காமல் ஆறு மாணவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்சி தரத் தொடங்கியது. 2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்கே அலுவலகத்தைக் கொண்டுபோனது. நமக்குக் கிணத்துக்கடவு மேல்நிலைப் பள்ளி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் க்யூசி வேலையை விட்டு வீட்டிலிருக்கும் பெண்களையும் தேடிப் போய்க் கேளுங்கள். பகல் ஷிஃப்டும் வேனும் கொடுத்தால் வருவார்கள்.

இனி எல்லோரும் சறுக்குகிற இடம்: வேலைத் தேர்வு. ‘மெஷின்ல விட்டுப் பார்த்தா தெரிஞ்சிரும்’ என்பார்கள். தெரியாது. பழக்கமில்லாத கன்ட்ரோலர் முன்னால் நல்ல ஆபரேட்டரே தடுமாறுவார்; வாய் சாமர்த்தியமுள்ளவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டுப் பேசிக்கொண்டே நிற்பார். பட்டனைத் தட்ட ரெண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். அளவு பார்த்து முடிவெடுக்கத் தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

25 மி.மீ. ஷாஃப்ட் நான்கு எடுங்கள். டிராயிங்கில் டாலரன்ஸ் ஹெச்6 என்று இருக்கட்டும், அதாவது 24.987-லிருந்து 25.000 வரை சரி. நான்கில் இரண்டு அதற்குள் இருக்க வேண்டும், ஒன்று 25.008, இன்னொன்று 24.979. க்யூசியில் முன்பே அளந்து, பெயின்ட் மார்க்கரால் எண் போட்டு வையுங்கள். மெஷினிலிருந்து சூடாக இறக்கியதை வைக்காதீர்கள். பத்து டிகிரி கூடுதல் சூட்டுக்கே கிட்டத்தட்ட மூன்று மைக்ரான் பெரிசாகக் காட்டும். மேசைமேல் 0.02 வெர்னியரும் இருக்கட்டும், மைக்ரான் காட்டும் மைக்ரோமீட்டரும் இருக்கட்டும். எதை எடுக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

இப்போது வாயை மூடிக்கொண்டு கையைப் பாருங்கள். வெர்னியரை எடுத்தவருக்கு டிராயிங் புரியவில்லை. 13 மைக்ரான் டாலரன்ஸை அதில் பிடிக்க முடியாது. மைக்ரோமீட்டரை எடுத்தவர் அதன் அளவு முகங்களைத் துடைத்து ஜீரோ பார்க்கிறாரா? ஷாஃப்டை ஒரே இடத்தில் அளக்கிறாரா, சுற்றி ரெண்டு மூன்று இடத்தில் பார்க்கிறாரா? பிறகு மூன்று கேள்வி. எது பாஸ்? பாஸாகாத இரண்டில் எதைக் காப்பாற்றலாம்? (பெரிசானதைக் கிரைண்டிங்கில் சரிசெய்யலாம், சின்னதானது ஸ்கிராப்.) 25.008 வந்திருக்கிறது, அடுத்த பீஸ் டாலரன்ஸின் நடுவில் வர ஆஃப்செட்டில் என்ன போடுவீர்கள்? விட்டக் கணக்கில் மைனஸ் 0.014-ஐ ஒட்டிச் சொன்னால் போதும். குறியை மாற்றிச் சொல்பவரிடம் நைட் ஷிஃப்டைத் தனியாக ஒப்படைக்காதீர்கள்.

இந்தத் தேர்வை முதலில் உங்களிடமிருக்கும் சிறந்த ஆபரேட்டருக்கு வையுங்கள். அவரே திணறினால் கோளாறு தேர்வில்தான். மாதம் ஒருமுறை ஷாஃப்டுகளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் விடை டீக்கடைக்குப் போய்விடும். புதுப் பையனாக இருந்தால் பத்து நிமிஷம் மைக்ரோமீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு இதையே கொடுங்கள். ஒருமுறை சொன்னதை எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்பதுதான் அங்கே மார்க்.

மார்க்கை அப்போதே எழுதுங்கள். நானும் ஃபோர்மேனும் தனித்தனித் தாளில் எழுதி, பிறகுதான் பேசுவோம். அதுவரை ‘யாரு பையன், எந்த ஊரு’ என்ற பேச்சே கூடாது. அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாதியும் சொந்தமும் உள்ளே வந்தபின் மைக்ரோமீட்டருக்கு வேலையில்லை. ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான். ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-ல் ஆள் தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலையைச் செய்ய வைத்துப் பார்ப்பது முன்வரிசையில் நின்றது. அனுபவ ஆண்டுகள் வெகுவாகப் பின்தங்கின. 2022-ல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு அந்தக் கணக்கைத் திருத்தியபோது எண்கள் குறைந்தன. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல் முதலிடம் பிடித்தது. ஆகவே நேர்காணலில் கேட்பதையும் முன்பே எழுதிவைத்து, வருகிற எல்லோரிடமும் அதையே கேளுங்கள்.

புதியவர்களை அப்ரென்டிஸாகப் பதியுங்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் அது சட்டப்படி கடமை. 2016-ல் வந்த தேசியத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்றது. இப்போதைய வரம்பை அப்ரென்டிஸ்ஷிப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு வந்த எல்லோருக்கும் அரைநாள் கூலியும் பஸ் காசும் கொடுங்கள். எடுக்கவில்லை என்றால் ரெண்டு நாளுக்குள் நீங்களே போன் பண்ணி, “தம்பி, ஆஃப்செட் குறியில தப்பு வந்துச்சு, பழகிட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்று சொல்லுங்கள். பட்டறைக்காரர்கள் யாரும் இந்த போனைச் செய்வதில்லை. தயவுசெய்து நீங்கள் செய்யுங்கள்.