கட்டிலில் அமர்ந்தபடியே ஒரு வண்ணத்துப்பூச்சி

மருத்துவமனையில் தங்கியிருக்கும் குழந்தையின் பகற்பொழுது பிறருடைய கையில் இருக்கிறது. ஊசி எப்போது, மருந்து எப்போது, உணவு எப்போது என்பதையெல்லாம் பெரியவர்களே முடிவு செய்கிறார்கள். பள்ளிக்குச் சென்று, நண்பர்களோடு கூச்சலிட்டு, வண்ணப் பென்சிலுக்குச் சண்டையிட்ட பிள்ளைக்கு இந்த நிலை பெரும் சுமை. அச்சுமையைச் சிறிதளவேனும் குறைக்கும் எளிய பயிற்சி ஒன்றை இவ்விதழில் கற்றுத்தர விரும்புகிறோம். அது தாளில் வண்ணத்துப்பூச்சி செய்யும் பயிற்சி. ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பள்ளிக் குழந்தைகளுக்கு இது ஏற்றது.

எந்த வண்ணத்துப்பூச்சி?

காளவாசல் சந்திப்பின் வாகன இரைச்சலுக்கு நடுவே வண்ணத்துப்பூச்சி எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். சாலையோரத்து எருக்கஞ்செடியைச் சற்று நின்று பாருங்கள். ஆரஞ்சு நிறமும் கரிய விளிம்பும் கொண்ட வெந்தய வரியன் அதில்தான் முட்டையிடும். வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை நாடி வரும் கரிய வண்ணத்துப்பூச்சியையும் பலர் கண்டிருப்பீர்கள். நம் மாநிலத்திற்கென்றே ஒரு வண்ணத்துப்பூச்சியும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ‘தமிழ் மறவன்’ 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. செம்மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும் கரிய ஓரமும் அதன் அடையாளங்கள். குழந்தையிடம் முதலில் இவற்றைச் சொல்லுங்கள். “உன்னுடையது எந்த நிறம்?” என்று பிறகு கேளுங்கள். பயிற்சி அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

தேவையான பொருள்கள்

வண்ணத்தாள் அல்லது வெள்ளைத்தாள், மெழுகு வண்ணக்குச்சிகள், முனை மழுங்கிய சிறு கத்தரி, பசைக்குச்சி, பருத்தி நூல் ஆகியவை போதும். மைதாப் பசை வேண்டாம். அது எறும்பைக் கட்டிலுக்கு அழைத்து வரும். மினுக்குத்தூள், மணிகள், ஸ்டேப்ளர் ஊசி, கம்பி ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். படுக்கையில் சிந்திய மணியை அருகிலுள்ள சிறு குழந்தை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும்.

முதல் வகை: மடித்து வெட்டும் வண்ணத்துப்பூச்சி

தாளைச் சரிபாதியாக மடிக்கவும். மடிப்பை ஒட்டி ஒரு பக்கத்து இறக்கைகளை மட்டும், மேலே பெரிதாகவும் கீழே சிறிதாகவும் வரையவும். மடிப்பை வெட்டாமல், கோட்டின் மீது இரு தாள்களையும் சேர்த்து வெட்டவும். விரித்தால் நான்கு இறக்கைகள் கிடைக்கும். இடப்பக்கம் போலவே வலப்பக்கமும் அமைவதைச் சமச்சீர் என்கிறோம். கணக்குப் பாடத்தில் பின்னர் வரப்போகும் கருத்து ஒன்றைக் குழந்தை இங்கே கைகளாலேயே கற்றுக்கொள்கிறது. ஓர் இறக்கையில் இட்ட புள்ளியை எதிர் இறக்கையிலும் அதே இடத்தில் இடச் சொல்லுங்கள். எண்ணுவதும் ஒப்பிடுவதும் தாமாகவே நிகழும்.

இரண்டாம் வகை: விசிறி மடிப்பு வண்ணத்துப்பூச்சி

15 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தாள் ஒன்றும், 12 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தாள் ஒன்றும் எடுத்துக்கொள்ளவும். ஒவ்வொன்றையும் ஒரு மூலையிலிருந்து தொடங்கி எதிர்மூலை வரை, குழந்தையின் சுண்டுவிரல் அகலத்தில் முன்னும் பின்னுமாக விசிறி போல மடிக்கவும். இரண்டையும் சேர்த்து வைத்து நடுவில் நூலால் இறுகக் கட்டவும். பிறகு மடிப்புகளை விரித்துவிட்டால் பெரிய தாள் மேல் இறக்கைகளாகவும் சிறிய தாள் கீழ் இறக்கைகளாகவும் மலரும். உணர்கொம்புகளுக்கு மெல்லிய தாள்கீற்று ஒன்றை இரண்டாக மடித்து, அதன் நுனிகளைப் பென்சிலில் சுருட்டி ஒட்டலாம்.

மூன்றாம் வகை: கைத்தட வண்ணத்துப்பூச்சி

கையில் டிரிப்ஸ் ஊசி பொருத்தப்பட்டுள்ள குழந்தைக்கு இதுவே சிறந்தது. ஊசியில்லாத கையை மடித்த தாளின் மீது வைக்கச் சொல்லி, நீங்கள் சுற்றி வரையுங்கள். இரண்டு தாளையும் சேர்த்து வெட்டினால் இடக்கையும் வலக்கையும் கிடைக்கும். விரல்கள் வெளிப்புறம் நோக்க, உள்ளங்கைகளை நடுவில் ஒரு தாள்கீற்றின் மீது சேர்த்து ஒட்டினால் வண்ணத்துப்பூச்சி தயார். ஊசி பொருத்திய கை அசையாமல் தலையணையில் ஓய்வெடுக்கட்டும். தாளை அழுத்திப் பிடிக்கும் மற்றொரு கை உங்களுடையதாக இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

தொடங்குமுன் குழந்தையும் நீங்களும் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். வெள்ளணுக்கள் குறைந்துள்ள குழந்தைக்கும், தொற்று காரணமாகத் தனியறையில் உள்ள குழந்தைக்கும் என்னென்ன பொருள்கள் தரலாம் என்பதைச் செவிலியரிடம் கேட்ட பிறகே கொடுக்கவும். அக்குழந்தைகளுக்குப் பழைய செய்தித்தாளும் நாட்காட்டித் தாளும் வேண்டாம். புதிய தாளே நல்லது. ஒரு குழந்தை பயன்படுத்திய கத்தரியைத் துடைத்துத் தூய்மை செய்யாமல் மற்றொரு குழந்தைக்குத் தரக்கூடாது.

வண்ணத்துப்பூச்சியைத் தொங்கவிட விரும்பினால் நூல் ஒரு சாணுக்கு மேல் நீளக்கூடாது. நீளமான நூல் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. டிரிப்ஸ் கம்பியிலோ ஆக்சிஜன் குழாயிலோ கட்டக்கூடாது. ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் போதுமானவை. குழந்தை கொட்டாவி விட்டாலோ, வலி என்று சொன்னாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். மூச்சு வாங்குவதையும் வலியையும் செவிலியரிடம் தெரிவியுங்கள். பாதி இறக்கை நாளைக்குக் காத்திருக்கும்.

திருத்தாதீர்கள்

பெற்றோரிடம் நாங்கள் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. குழந்தை இறக்கையைக் கோணலாக வெட்டுகிறது. அன்பினால்தான், தந்தையோ தாயோ கத்தரியை வாங்கி நேராக்கிவிடுகிறார்கள். குழந்தை அமைதியாகிவிடுகிறது, பிறகு தாளைத் தொடுவதில்லை. முழுநாளும் தன் உடலின் மீது பிறர் முடிவெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, இந்த ஒரு தாளாவது தன்னுடையதாக இருக்க வேண்டும். நீல எருக்கம்பூவும் பச்சை நிற மறவனும் அவன் உலகில் இருக்கட்டும். “செய்ய மாட்டேன்” என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு உண்டு.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். “இதை முடித்தால் நாளைக்கு வீட்டுக்குப் போய்விடலாம்” என்று சொல்லிவிடாதீர்கள். வீடு திரும்பும் நாள் மருத்துவர் முடிவு செய்வது. பொய்த்துப்போன வாக்குறுதி, அடுத்த ஊசியின்போது நீங்கள் சொல்லும் ஆறுதலையும் நம்பவிடாமல் செய்துவிடும். அதற்குப் பதிலாக உண்மையான கதையைச் சொல்லுங்கள். முட்டையிலிருந்து புழு வருகிறது. புழு இலை தின்று வளர்ந்து கூட்டுப்புழுவாகிறது. வெளியே அசைவில்லாதது போல் தோன்றினாலும் உள்ளே மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. பிறகு வண்ணத்துப்பூச்சி வெளிவருகிறது. வந்தவுடன் அதனாலும் பறக்க இயலாது. ஈர இறக்கைகள் விரிந்து உலரும் வரை அதுவும் காத்திருக்கிறது.

செய்தவற்றில் ஒன்றைக் குழந்தையின் வகுப்பு ஆசிரியருக்கும், ஒன்றை வீட்டில் பாட்டியிடம் விட்டுவந்த தம்பிக்கோ தங்கைக்கோ அனுப்பி வையுங்கள். அண்ணனையோ அக்காவையோ பார்க்க இயலாமல் தவிக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஆறுதல் வேண்டும். அடுத்த முறை வீட்டிலிருந்து உணவுப் பாத்திரம் வரும்போது, அதனோடு பதிலாக ஒரு வண்ணத்துப்பூச்சி வரக்கூடும். உடனிருக்கும் நீங்களும் உங்களுக்கென ஒன்று செய்துகொள்ளுங்கள். காத்திருக்கும் கைகளுக்கும் வேலை தேவைதானே.