ஈரக் காயா, உலர்ந்த காயா? கணக்குப் பார்த்து விற்பீர்!

நிலக்கடலையைப் பறித்த கையோடு களத்திலேயே விற்றுவிடும் சிறு விவசாயிகள் பலர். உலர்த்தினால் எடை குறையுமே என்ற அச்சமே இதற்குக் காரணம். எவ்வளவு குறையும் என்று கணக்கிட்ட பின் முடிவு செய்வதே நல்லது.

16 சதவீத ஈரமுள்ள 100 கிலோ காயை 8 சதவீத ஈரத்திற்கு உலர்த்தினால் சுமார் 91 கிலோ நிற்கும். ஈரக் காய் கிலோ ரூ.60 என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவுக்குக் கிடைப்பது ரூ.6,000. உலர்ந்த காய் கிலோ ரூ.66-க்கு விற்றாலே இத்தொகை வந்துவிடும். அதற்கு மேல் கிடைப்பதில் உலர்த்தும் கூலி, சாக்கு, வண்டி வாடகை போக மிஞ்சுவதே இலாபம். வீட்டார் உழைப்புக்கும் கூலி போட வேண்டும். எதுவும் மிஞ்சாது எனில் ஈரக் காயாகவே விற்கலாம்.

காயைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். நன்கு உலர்ந்த காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்கும். பூஞ்சணம் பிடித்த காய், உடைந்த காய், பொக்குக் காய் ஆகியவற்றைப் பொறுக்கி நீக்குதல் அவசியம். பூஞ்சணத்தால் உண்டாகும் அஃப்ளடாக்சின் நச்சு மனிதருக்கும் மாட்டுக்கும் கேடு செய்யும். நல்ல காயோடு இவை கலந்தால் மொத்தக் குவியலுக்கும் விலை குறையும்.

விலை பேசுமுன், அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் அன்றைய விலையைக் கேட்டறிய வேண்டும். அங்கு மறைமுக ஏலத்தில் விற்கலாம். விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. விலை இறங்கியிருந்தால் காயை அங்கேயே இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். கைச்செலவுக்காக அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை.